புத்தகத்தைப் பாதியில் விடுவது எப்படி?

நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை வரைக்கும், அப்புறம் கேரள எல்லை தாண்டி பாறசாலை, நெய்யாற்றின்கரை வரைக்கும், புதிதாக வாசிக்க வருகிற தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், விடியற்காலையில் ரப்பர் பால்வெட்டு முடித்துவிட்டு மதியத்துக்கு மேல் நேரம் கிடைப்பவர்கள், தினமும் ரயிலேறி திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள். ஊர் நூலகத்திலும் வாசகசாலையிலும் இவர்களோடு பேச உட்கார்ந்தால் முதலில் வருவது இதுதான்: "மூணு புத்தகம் எடுத்தேன், மூணும் பாதியில நிக்குது. எனக்கு இது சரிப்படாது போல."

சொல்லிவிட்டு நூலகத்துக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார்கள். ஒரு புத்தகம் ஓடவில்லை என்பதற்காக வாசிப்பையே விட்டுவிடுவது பெரிய இழப்பு. நான் பார்த்த நல்ல வாசகர்கள் எல்லாருமே புத்தகங்களைப் பாதியில் விடுகிறவர்கள்தான். ஆனால் எதற்காக விட்டோம் என்று அவர்களுக்குத் தெரியும். அந்தக் காரணத்தை வைத்துக்கொண்டுதான் அடுத்த புத்தகத்தை எடுப்பார்கள். இந்தப் பழக்கத்தை யாரும் கற்றுக்கொள்ளலாம். படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் கண்ணைப் பாருங்கள்

நாற்பது வயது தாண்டியவர் "ரெண்டு பக்கம் வாசிச்சா தூக்கம் வருது, தலை வலிக்குது" என்று சொன்னால், புத்தகத்தைப் பற்றி யோசிக்கும் முன் கண்ணைப் பற்றி யோசிக்க வேண்டும். நாற்பதை ஒட்டி பெரும்பாலானோருக்கு வெள்ளெழுத்து வரும். கண்ணுக்குள் இருக்கும் வில்லை நெகிழ்வை இழப்பதால் பக்கத்தில் இருப்பது மங்கும். சாளேஸ்வரம் என்று பெரியவர்கள் சொல்வதும் இதைத்தான். புத்தகத்தைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். அப்போது எழுத்து தெளிந்தால், பெரும்பாலும் உங்களுக்குத் தேவை ஒரு கண்ணாடி. கண் மருத்துவரிடம் ஒருமுறை காட்டி, வாசிப்பதற்கென்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கண் சரியாக இருந்தும் எழுத்து படுத்தும். மலிவுப் பதிப்புகளில் பொடி எழுத்து, பின்பக்க அச்சு தெரிகிற தாள், விரித்தால் விரியாத இறுக்கமான கட்டு எல்லாம் சேர்ந்துவரும். அதே நாவல் வேறு பதிப்பில் பெரிய எழுத்தில் கிடைக்கலாம். நூலகரிடம் கேளுங்கள். செல்பேசியில் பிடிஎஃப் கோப்பாக வாசித்துப் பாதியில் விட்டவர்கள், அச்சுப் புத்தகமாக எடுத்துப் பார்க்காமல் அந்தப் புத்தகத்தைப் பற்றி முடிவு செய்ய வேண்டாம்.

நேரமும் இடமும்

குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் வளைந்து வளைந்து போகும் பேருந்தில் வாசித்தால் பலருக்குத் தலை சுற்றும். அது எழுத்தாளர் செய்த குற்றமில்லை. ரயில் அதைவிட நல்லது. ஆனால் நாகர்கோவில் - திருவனந்தபுரம் ரயிலில் இரணியலில் ஒரு கூட்டம், குழித்துறையில் ஒரு கூட்டம் ஏறும். இடையிடையே நிறுத்தி எடுக்க முடிகிற புத்தகம்தான் அங்கே ஓடும். சிறுகதை, கட்டுரை, சின்னச் சின்ன அத்தியாயங்கள் உள்ள நாவல் சரியாக இருக்கும். நாற்பது பக்கத்துக்கு ஒரே மூச்சாகப் போகும் அத்தியாயங்களை வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கும் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்குப் பத்து பக்கம் வாசிப்பவருக்கு 600 பக்க நாவல் முடிய இரண்டு மாதம் ஆகும். அதற்குள் வீட்டில் ஒரு கல்யாணம் வரும், பிள்ளைக்குப் பரீட்சை வரும், நூலகத்துத் தேதிச் சீட்டில் போட்ட நாளும் தாண்டிவிடும். இரண்டு வாரம் தொடாமல் விட்டுத் திரும்பி வந்தால் யார் யார் என்பதே மறந்திருக்கும். அப்படி மறந்துபோன புத்தகத்தை "பிடிக்கவில்லை" என்று எண்ணிவிடுகிறோம். விட்ட இடத்திலிருந்து தொடராமல், அதற்கு முந்தைய அத்தியாயத்தை மறுபடி வாசித்துவிட்டுத் தொடருங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே கதை திரும்பவும் பிடித்துக்கொள்ளும்.

பெரிய புத்தகங்களுக்கு மழைக்காலம் நல்லது. குமரி மாவட்டத்துக்கு தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. மழை பிடித்தால் பால்வெட்டு நின்றுவிடும். நாள் முழுக்கக் கையில் இருக்கும்.

எந்த இடத்தில் முட்டுகிறது?

கண்ணும் நேரமும் சரி, அப்படியும் நகரவில்லை என்றால், நின்ற பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஏன் என்று கேட்டுப் பாருங்கள். "போரடிக்குது" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நான் அதிகம் கேட்ட காரணங்களைச் சொல்கிறேன்.

முன்னுரையிலேயே நின்றவர்கள் ஏராளம். நம் புத்தகங்களில் பதிப்புரை, அணிந்துரை, முன்னுரை, என்னுரை, நன்றி என்று வரிசையாக வரும். சிலவற்றில் விமர்சகர் எழுதிய முன்னுரை முப்பது பக்கம் போகும். கதையின் முடிவையும் சொல்லிவிடும். புதிதாக வருபவர் முதல் பக்கத்திலிருந்து ஒழுங்காகத் தொடங்குகிறார், கதைக்கு வரும் முன்பே களைத்துவிடுகிறார். நேராக முதல் அத்தியாயத்துக்குப் போங்கள். முன்னுரையைக் கடைசியில் வாசித்தால் அது நல்ல துணை.

அடுத்தது பெயர்கள். மாஸ்கோவிலிருந்து தமிழில் வந்து நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாக ஊர் ஊராகப் பரவிய ரஷ்ய நாவல்கள் இன்னும் பல நூலகங்களில் இருக்கின்றன. அவற்றில் ஒரே ஆள் ஒரு பக்கத்தில் தந்தை பெயரோடு வருவார், அடுத்த பக்கத்தில் குடும்பப் பெயரோடு, வீட்டார் கூப்பிடும்போது செல்லப் பெயரோடு. மூன்று பேர் என்று நினைத்துக் குழம்பிப் புத்தகத்தை மூடியவர்கள் உண்டு. ஒரு துண்டுத் தாளில் பெயர், உறவு, எந்தப் பக்கத்தில் வந்தார் என்று எழுதி உள்ளே வைத்துக்கொள்ளுங்கள். மூன்று தலைமுறைக் குடும்பக் கதைகளுக்கும் இது உதவும்.

வட்டார வழக்கு என்பது நம் பக்கத்தில் தனியாகப் பேச வேண்டிய விஷயம். தேங்காய்ப்பட்டணத்துக்காரரான தோப்பில் முஹம்மது மீரானின் தமிழில் மலையாளமும் அரபுச் சொற்களும் கலந்து வரும். சென்னையிலோ கோவையிலோ இருக்கும் வாசகர் அங்கே தடுமாறலாம். விளவங்கோடு, கல்குளம் பக்கத்து ஆளுக்கு அது வீட்டுப் பேச்சு. அதே ஆள் ஒரு கரிசல் நாவலை எடுத்தால் முதல் பத்து பக்கத்திலேயே நின்றுவிடுவார். கரிசல் காட்டுச் சொற்களுக்கு கி. ராஜநாராயணன் ஒரு சொல்லகராதியே தொகுத்திருக்கிறார் என்றால், அந்தச் சொற்கள் வெளியாட்களுக்கு எவ்வளவு புதிது என்று பாருங்கள். இதற்கு நான் சொல்லும் வழி, அந்தப் பக்கங்களை வாய்விட்டு வாசிப்பது. உரையாடல்களைச் சத்தமாகச் சொல்லும்போது காது பாதியைப் புரிந்துகொள்ளும். மீதியை அகராதியில் தேடி ஓட வேண்டாம். இருபது, முப்பது பக்கம் போனால் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் தாமாகவே பிடிபடும். முப்பது பக்கத்துக்கு அப்புறமும் ஏறவில்லை என்றால் இப்போதைக்கு விட்டுவிடலாம்.

மொழிபெயர்ப்பு சரியில்லாமலும் புத்தகம் நிற்கும். ஒரு வாக்கியத்தை இரண்டு முறை வாசித்தும் யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்று புரியவில்லை, அது பக்கத்துக்குப் பக்கம் நடக்கிறது என்றால், உங்கள் அறிவைச் சந்தேகப்பட வேண்டாம். பெரிய நாவல்கள் பலவற்றுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தமிழாக்கங்கள் உண்டு. இரண்டையும் எடுத்து முதல் பக்கத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். மலையாளத்திலிருந்து வந்த புத்தகம் என்றால் நமக்குக் கூடுதல் வசதி. மலையாளம் பேசத் தெரியும், எழுத்து மட்டும் தெரியாது என்பவர்கள் இங்கே நிறைய. மலையாளம் வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் மூலத்தைக் கொடுத்து ஒரு பக்கம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். காதில் விழும் மலையாளம் இனிக்கிறது, கையில் இருக்கும் தமிழ் மட்டும் முட்டுகிறது என்றால் குறை எங்கே என்று தெரிந்துவிடும்.

பல பாகப் புத்தகங்களில் எல்லாப் பாகத்தையும் ஒன்றாக எடுத்து வராதீர்கள். பொன்னியின் செல்வனை ஐந்து பாகமும் அடுக்கி வைத்துவிட்டு, அடுக்கைப் பார்த்தே மலைத்துப் போகிறவர்கள் உண்டு. அது கல்கி இதழில் 1950இல் தொடங்கி 1954 வரை வாராவாரம் வந்த தொடர். ஒரு வாரம் காத்திருக்கும் வாசகரை மனதில் வைத்து எழுதிய அத்தியாயங்கள் அவை. நாளுக்கு இரண்டு மூன்று அத்தியாயம் என்று போனால் சுகமாக ஓடும். ஒரே நாளில் நூறு பக்கம் விழுங்கினால் சலிக்கலாம். முதல் பாகத்தோடு நிறுத்திக்கொள்கிறவரும் ஒரு முழுப் பாகம் வாசித்தவர்தான்.

கட்டுரை நூல், வரலாறு, அறிவியல் எல்லாம் வேறு கணக்கு. அவற்றை முதலிலிருந்து கடைசி வரை வரிசையாக வாசிக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. பொருளடக்கத்தைப் பார்த்து, உங்கள் கேள்விக்குப் பதில் உள்ள அத்தியாயத்தில் தொடங்குங்கள். கணிதப் பேராசிரியர் ஜோர்டன் எல்லன்பர்க் 2014இல் ஒரு கணக்குப் போட்டார். கிண்டில் என்ற மின்நூல் கருவியில் வாசிப்பவர்கள் மிக அதிகமாகக் குறித்துவைத்த ஐந்து இடங்கள் ஒரு புத்தகத்தின் எந்தப் பக்கங்களில் வருகின்றன என்று பார்த்து, அந்தப் பக்கங்களின் சராசரியை மொத்தப் பக்கங்களால் வகுத்தார். காலத்தைப் பற்றி ஸ்டீபன் ஹாக்கிங் எழுதிய உலகப் புகழ் பெற்ற நூலுக்கு வந்தது 6.6 சதவீதம். தாமஸ் பிக்கெட்டியின் தடித்த பொருளாதார நூலுக்கு 2.4. எண் சிறியதாக இருந்தால், பலர் தொடக்கப் பக்கங்களைத் தாண்டவில்லை என்று ஊகிக்கலாம். இது சும்மா பொழுதுபோக்குக்கான கணக்கு என்று அவரே சொன்னார். அப்படியே எடுத்துக்கொண்டாலும், ஹாக்கிங்கில் பாதியில் நின்றவர் தனியாக இல்லை என்பது தெரிகிறது.

கடைசியாகச் சொல்லப்போவது முக்கியமான காரணம். சில புத்தகங்கள் வலிக்கும். 2004 டிசம்பர் 26 சுனாமி குளச்சல் கரையில் எத்தனை வீடுகளைக் கொண்டுபோனது என்று இங்கே உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கிப் புயலில் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை பக்கத்திலிருந்து கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் குடும்பங்கள் இன்னும் நம்மோடுதான் இருக்கின்றன. அப்படி ஒரு வீட்டைச் சேர்ந்தவர் கடலில் ஆள் காணாமல் போகும் கதையை நடுவில் மூடி வைத்தால், அது வாசிக்கத் தெரியாததால் இல்லை. எழுத்து அவரைத் தொட்டுவிட்டது. "இன்னும் கொஞ்சம் வாசி, பின்னால நல்லா இருக்கும்" என்று யாரும் அவரிடம் சொல்ல வேண்டாம். சாதிக் கொடுமை, குழந்தை மரணம், நோய் பற்றிய கதைகளுக்கும் இதேதான். அந்தப் புத்தகத்தை விடுவதற்கு எவரிடமும் காரணம் சொல்லத் தேவையில்லை.

எத்தனை பக்கம் பொறுப்பது?

மேலே சொன்னது எதுவும் பொருந்தவில்லை, வெறுமனே பிடிக்கவில்லை என்றால் ஓர் எல்லை வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல் சொன்ன ஐம்பது பக்க விதி பிரபலமானது: 50 வயது வரை உள்ளவர்கள் ஐம்பது பக்கம் வாசித்துப் பார்த்து முடிவு செய்யலாம், அதற்கு மேற்பட்டவர்கள் நூறிலிருந்து வயதைக் கழித்து வரும் எண் அளவுக்குப் பக்கங்கள் வாசித்தால் போதும். அறுபது வயதுக்காரருக்கு நாற்பது பக்கம், எழுபத்தைந்துக்கு இருபத்தைந்து. வயது ஏற ஏற நேரம் அருமையாகிறது என்பது அவர் கருத்து. எனக்கு இது பிடித்திருக்கிறது.

நம் புத்தகங்களுக்கு ஏற்றபடி கொஞ்சம் மாற்றிக்கொள்ளலாம். நூற்றிருபது பக்கக் குறுநாவலுக்கு ஐம்பது அதிகம், முப்பது போதும். சிறுகதைத் தொகுப்பை முதல் கதையை வைத்து மட்டும் எடை போடாதீர்கள். நடுவிலிருந்து ஒன்று, கடைசியிலிருந்து ஒன்று என்று மூன்று கதை பாருங்கள். கவிதை என்றால் எங்கே வேண்டுமானாலும் திறந்து பத்துக் கவிதை.

எல்லைக்கு வந்ததும் இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, புத்தகத்தின் நடுவில் ஏதாவது ஓர் அத்தியாயத்தைத் திறந்து இரண்டு பக்கம் வாசியுங்கள். "இவர்கள் எப்படி இந்த நிலைமைக்கு வந்தார்கள்" என்று தெரிந்துகொள்ளத் தோன்றினால் திரும்பிப் போய்த் தொடருங்கள். இரண்டு, அதை முழுதாக வாசித்த ஒருவரிடம் "உங்களுக்கு எந்த இடத்தில் பிடிக்க ஆரம்பித்தது?" என்று மட்டும் கேளுங்கள். நல்ல புத்தகமா என்று கேட்டால் ஆமாம் என்றுதான் வரும், அதனால் பயனில்லை. இரவு பதினொரு மணிக்கு, அசதியோடு இருக்கும்போது முடிவெடுக்காதீர்கள்.

காசு கொடுத்து வாங்கியது என்பதற்காக இழுத்துக்கொண்டு போகவும் வேண்டாம். ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் புளூமர் என்ற இருவர் 1985இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒஹாயோ பல்கலைக்கழக நாடக அரங்கில் பருவச் சீட்டு, அதாவது ஒரு பருவத்து நாடகங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே சீட்டு, வாங்கியவர்களில் சிலருக்கு மட்டும் தள்ளுபடி கொடுத்தார்கள். முழு விலை கொடுத்தவர்கள், தள்ளுபடியில் வாங்கியவர்களைவிட, பருவத்தின் முதல் பாதியில் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். நாடகம் எல்லாருக்கும் ஒன்றுதான். போட்ட காசுதான் அவர்களை இழுத்துவந்தது. புத்தகக் கண்காட்சியில் அறுநூறு ரூபாய் கொடுத்து வாங்கிய நாவலைப் பல்லைக் கடித்துக்கொண்டு வாசிப்பதும் இதுவே. அந்த அறுநூறு போனது போனதுதான். இனி போகப்போவது உங்கள் சாயங்காலங்கள்.

விடும்போது செய்ய வேண்டியவை

ஒரு சின்ன நோட்டு போடுங்கள். புத்தகத்தின் பெயர், நின்ற பக்கம், தேதி, காரணம் ஒரே வரியில். "பெயர்கள் குழப்பம்", "எழுத்து பொடி", "அப்பா இறந்த ஞாபகம்", "கதை நகரவில்லை" என்ற அளவு போதும். பக்கத்தின் காதை மடக்கி வைக்காதீர்கள், அடுத்து வருகிறவருக்கு அது தொந்தரவு.

நூலகப் புத்தகம் என்றால் அன்றைக்கே இல்லாவிட்டாலும் அந்த வாரத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சீர்காழியில் 1892இல் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் மூன்றாவது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகர் என்பது. நீங்கள் விட்டதை எதிர்பார்த்து ஒருவர் இருப்பார். வீட்டு அலமாரியில் தேதி தாண்டிக் கிடந்தால் அவருக்கும் கிடைக்காது, அபராதத்துக்குப் பயந்து நீங்களும் நூலகப் பக்கம் போக மாட்டீர்கள். வாசிப்பு அறுந்துபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். அவருடைய நான்காவது விதி வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. பிடிக்காத புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பவர் அதைத்தான் செய்கிறார்.

மற்றவர்களிடம் பேசும்போது, "அது மோசமான புத்தகம்" என்று சொல்லாமல் "நாற்பது பக்கம் வாசித்தேன், இந்தக் காரணத்தால் விட்டேன்" என்று சொல்லுங்கள். முழுதும் வாசிக்காததைப் பற்றி அதற்கு மேல் சொல்ல நமக்கு உரிமை இல்லை. அதே நேரம், அவ்வளவையும் வெட்கமில்லாமல் சொல்லலாம். பிரெஞ்சு எழுத்தாளர் தானியேல் பென்னக் 1992இல் வாசகரின் உரிமைகள் என்று பத்தைப் பட்டியலிட்டபோது, இரண்டாவதாகப் பக்கங்களைத் தாண்டும் உரிமையையும், மூன்றாவதாக முடிக்காமல் விடும் உரிமையையும் வைத்தார்.

அடுத்த புத்தகம்

இதை ஒத்திப்போடாதீர்கள். விட்ட புத்தகத்தைக் கொடுக்கும் கையோடு அடுத்ததை எடுத்துவிட வேண்டும். நீளத்தால் நின்றவர் சிறுகதை எடுக்கட்டும். மொழி முட்டியவர் தன் ஊர்ப் பேச்சில் எழுதியவரிடம் போகட்டும்: கடற்கரைக்காரர்களுக்கு மீரான், திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு அங்குள்ள 'சாலை' என்ற கடைவீதியை எழுதிய ஆ. மாதவன். தினமும் கடந்துபோகும் தெருவைக் கதையில் பார்த்தால் வாசிப்பில் ஒரு பிடிப்பு வரும். திருவனந்தபுரத்தில் 1829இல் தொடங்கிய பொது நூலகத்தில் தமிழ்ப் புத்தகங்களும் உண்டு. அங்கே வேலை செய்கிறவர்கள் அதையும் பாருங்கள். மனம் நொந்து விட்டவர் பயணக் கதையோ சமையலோ பறவைகளோ, எது ஆறுதலோ அதை எடுக்கட்டும்.

பிள்ளைகள் விஷயத்தில் இதில் கண்டிப்பு வேண்டவே வேண்டாம். பி. என். பணிக்கர் 1945இல் 47 வாசகசாலைகளை அம்பலப்புழையில் கூட்டி திருவிதாங்கூர் நூலக இயக்கத்தைத் தொடங்கியபோது நம் ஊர்களும் திருவிதாங்கூரில்தான் இருந்தன. அவர் மறைந்த ஜூன் 19ஐ கேரளப் பள்ளிகள் வாசிப்பு நாளாகக் கொண்டாடுகின்றன. அன்று பிள்ளை ஒரு புத்தகத்தோடு வந்து இரண்டே நாளில் தூக்கிப் போட்டால், "முடிச்சாத்தான் அடுத்தது" என்று சொல்லாதீர்கள். எந்தப் பக்கத்தில் நின்றது என்று கேட்டுவிட்டு வேறொன்றைக் கையில் கொடுங்கள்.

விட்ட புத்தகத்துக்குத் திரும்புவது எப்போது? நோட்டில் எழுதிய காரணம் மாறியிருக்கும்போது. கண்ணாடி போட்டாயிற்று, நல்ல தமிழாக்கம் வந்திருக்கிறது, துக்கம் கொஞ்சம் ஆறியிருக்கிறது என்றால் எடுக்கலாம். எடுத்தால் முதல் பக்கத்திலிருந்து எடுங்கள். வெறுமனே பிடிக்காமல் விட்டது என்றால் சில வருடம் போகட்டும்.

ஒருவேளை நோட்டில் அடுத்தடுத்து எல்லாப் புத்தகமும் பத்தாவது பக்கத்துக்குள் நின்றிருந்தால், அது புத்தகத்தால் இல்லை. தூக்கம் போதவில்லையா, கடன் கவலையா, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று பாருங்கள். வாசிக்கும் நேரத்தில் செல்பேசி பக்கத்து அறையில் இருக்கட்டும். அந்த நாட்களில் நாவலே எடுக்காதீர்கள். வார இதழ் போதும், ஒரு பக்கக் கட்டுரை போதும். யாராவது வாசித்துச் சொன்னால் கேட்டுக்கொண்டிருப்பதும் போதும். நூலக உறுப்பினர் அட்டையை மட்டும் புதுப்பித்து வைத்துக்கொள்ளுங்கள்.